பிளாஸ்மா சிஸ்டம் மானிட்டரில் லேபிள்கள் மறைதல்

லினக்ஸில் இயங்கும் கேடிஇ பிளாஸ்மா மேசைத்தளத்தில் ப்ராசஸரின் சுமை, நினைவகம், வட்டு, வலையமைப்பு, வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் மென்பொருள் பிளாஸ்மா சிஸ்டம் மானிட்டர். நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த கேசிஸ்கார்டுக்குப் பதிலாக, 2021 ஜூனில் வெளிவந்த பிளாஸ்மா 5.22இல் இது இயல்பு மென்பொருளானது. சில வேளைகளில் எண்களும் வரைபடங்களும் ஓடிக்கொண்டே இருக்கும். எது எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லேபிள்கள் மட்டும் இருக்காது. திரையில் 62 என்று நிற்கிறது. அது ப்ராசஸரின் சூடா, வட்டு நிரம்பிய அளவா என்று தெரியாதவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

எல்லா லேபிள்களும் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. பட்டன், மெனு ஆகியவற்றின் பெயர்கள் மென்பொருளின் இடைமுகத்தை விவரிக்கும் கியூஎம்எல் கோப்புகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. உணரிகளின் பெயர்களைக் கேசிஸ்டம்ஸ்டாட்ஸ் என்ற பின்னணிச் சேவை, நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் டி-பஸ் வழியாக அனுப்புகிறது. வெப்ப உணரிகளின் பெயர்களுக்கு ஊற்று இன்னும் கீழே, கர்னலில் இருக்கிறது. ஆகவே கையில் கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதற்கு முன், எந்தப் பெயர் இல்லை, எது இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எழுத்து முழுவதும் மறைந்து கோடுகள் மட்டும் மிஞ்சினால், பழுது பெரும்பாலும் வரையும் இடத்தில்தான். இந்த மென்பொருளின் திரையை வரையும் கியூட்டி குயிக், எழுத்துகளின் வடிவங்களைப் படங்களாக்கி கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வரைபடங்களோ புதுத் தரவு வரவர மறுபடி வரையப்படுகின்றன. கணினியைத் தூங்கவைத்து எழுப்பும்போது அந்த நினைவகம் அழிந்திருந்தால், கோடுகள் வந்துவிடும், எழுத்துகள் சிதைந்தோ வெறுமையாகவோ நிற்கும். என்விடியாவின் தனியுரிம ட்ரைவரில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். உறக்கத்தின்போது கார்டின் நினைவகத்தை முழுமையாகச் சேமிக்கச் சொல்லும் அமைப்பு அந்த ட்ரைவரிலேயே உண்டு. சோதித்துப் பார்க்க, கிராஃபிக்ஸ் கார்டை ஒதுக்கிவிட்டு மென்பொருள் முறையில் வரையும்படி கியூட்டிக்குச் சொல்லலாம். அப்போது வரைபடங்கள் வராமல் போகலாம். எழுத்து திரும்பிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

எழுத்து இருந்தும் கண்ணுக்குத் தெரியாத நிலையும் உண்டு. கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து. பிளாஸ்மா அல்லாத மேசைத்தளங்களில், கேடிஇயின் தோற்றப் பாணியைத் தரும் பொதி இல்லாமல் இந்த மென்பொருளை ஓட்டுபவர்கள் இதை அடிக்கடி சந்திக்கிறார்கள். வண்ணத் திட்டத்தை வெளிர் நிறத்துக்கு மாற்றினால் உடனே விளங்கும்.

மொழிபெயர்ப்பு விடுபட்டதால்தான் லேபிள் இல்லை என்று எண்ணுவது தவறு. இதில் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் மொழிபெயர்க்கப்படாத சொல் வெறுமையாவதில்லை, ஆங்கிலத்திலேயே தோன்றும். தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டில் ஒன்றை நிறுவினால் போதும். மொழியை மாற்றிய பிறகு மெனு தமிழில் இருக்க, உணரிகளின் பெயர்கள் மட்டும் பழைய மொழியிலேயே நின்றால், பின்னணிச் சேவை பழைய அமைப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

புதுப்பித்தலுக்குப் பின் ஒரு பக்கத்தின் பகுதியே காலியானால், மென்பொருளை டெர்மினலிலிருந்து திறந்து அது சொல்வதைப் படிக்க வேண்டும். இன்ன மாட்யூல் நிறுவப்படவில்லை என்ற வரி வந்தால் வேலை பாதி முடிந்தது. கியூஎம்எல் மாட்யூல்கள் மென்பொருள் ஓடும்போதுதான் தேடப்படுகின்றன. அதனால் தொகுக்கும்போது எந்தப் பிழையும் காட்டாத குறை, பயனரின் திரையில்தான் முதன்முதலில் வெளிப்படுகிறது. சிஸ்டம் மானிட்டர், அது சார்ந்திருக்கும் லிப்கேசிஸ்கார்டு நூலகம், கேசிஸ்டம்ஸ்டாட்ஸ் மூன்றும் ஒரே பிளாஸ்மா பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒன்றைமட்டும் புதுப்பிப்பது ஆபத்து.

பயனர் மாற்றியமைத்த பக்கங்கள் அவருடைய வீட்டு அடைவில் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. கழற்றிவிட்ட வட்டையோ, வலையமைப்பு அட்டையையோ அந்தக் கோப்பு இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டம் பெயரின்றி நிற்கும். கோப்பை அழிக்கக் கூடாது, வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து அடுக்கிய பக்கத்தை இழப்பது லேபிளை இழப்பதைவிடப் பெரிய இழப்பு.

வெப்பநிலைக்கு அருகே வெறும் எண்ணிட்ட பொதுப் பெயர் மட்டும் இருந்தால் எதுவும் பழுதாகவில்லை. உணரி எதை அளக்கிறது என்று ட்ரைவருக்கே தெரியாவிட்டால், கர்னல் அதற்குப் பெயர் வைப்பதில்லை. உணரிகளைப் படிக்கும் லிப்சென்சார்ஸ் நூலகத்தின் அமைப்புக் கோப்பில் பயனரே பெயர் சூட்டலாம். எது எதுவென்று கண்டுபிடிக்க, ப்ராசஸருக்குச் சில நிமிடம் கடும் வேலை கொடுத்து எந்த எண் சட்டென்று ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பெயரை எழுதிய பின் பின்னணிச் சேவையை மறுதொடக்கம் செய்தால் புதிய லேபிள் திரைக்கு வரும்.