ஓர்காவை அளக்க லேசரா, ட்ரோனா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நடுவே இருக்கும் சாலிஷ் கடலில், சினூக் சால்மன் மீனை நம்பி வாழும் ஓர்காக் கூட்டம் ஒன்று உண்டு. 'தெற்கு ரெசிடென்ட்' என்பது அதன் பெயர். எண்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் இந்தத் திமிங்கலங்களை 1976 முதல் ஆய்வாளர் கென் பால்கோம்பின் குழு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவு செய்துவந்தது. அதனால் எது யாருடைய குட்டி, எதற்கு என்ன வயது என்பது பெரும்பாலும் தெரியும். ஆனால் எது நன்றாக வளர்கிறது, எது பட்டினி கிடக்கிறது என்று அறிய உடலை அளந்தாக வேண்டும். பிடித்துக் கட்டி அளக்கக்கூடிய விலங்கா அது? படம் எடுத்து அளப்பதே வழி.

வெறும் படத்தில் அளவு தெரியாது. பக்கத்தில் நிற்கும் குட்டியும் தொலைவில் நிற்கும் தாயும் ஒரே அளவாக விழலாம். படத்தோடு ஓர் அளவுகோலும் சேர்ந்து வர வேண்டும். லேசர் முறை அந்த அளவுகோலை விலங்கின் உடல்மேலேயே வைக்கிறது. ட்ரோன் முறை அதைப் பறக்கும் உயரத்திலிருந்து பெறுகிறது.

லேசர்: உடல்மேல் இரண்டு புள்ளிகள்

படகிலிருந்து படமெடுப்பவரின் கேமராவில் இரண்டு லேசர்களை இணையாகப் பொருத்துவார்கள். இடைவெளி வழக்கமாக 10 செ.மீ. கதிர்கள் இணையாகப் போவதால் பத்து மீட்டரிலும் இருபது மீட்டரிலும் புள்ளிகள் 10 செ.மீ. தள்ளியே விழும். எனவே தூரத்தை அளக்கத் தேவையில்லை. ஜான் டர்பனும் கிம் பார்சன்ஸும் 2006இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையை ஓர்காக்களிடம் செய்து காட்டியது.

கணக்கு எளிது. புள்ளிகளுக்கு இடையே 80 பிக்சல், முதுகுத் துடுப்பின் உயரம் 1,200 பிக்சல் என்றால், துடுப்பு 150 செ.மீ. வளர்ந்த ஆணின் துடுப்பு 1.8 மீட்டர் வரை போகும். பெண்ணின் துடுப்பு ஒரு மீட்டருக்கும் குறைவு. இளம் ஆணின் துடுப்பு எந்த வயதில் வேகமெடுக்கிறது என்பதை ஆண்டுதோறும் இப்படியே பின்தொடரலாம். துடுப்பின் வெட்டுத் தழும்புகளும் அதே படத்தில் இருப்பதால், அளந்தது எந்த விலங்கு என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ட்ரோன்: உயரமே அளவுகோல்

2014இல் வான்கூவர் தீவை ஒட்டிய கடலில் டர்பன் குழுவினர் ஆறு விசிறி கொண்ட சிறு ட்ரோனைப் படகிலிருந்தே ஏவி, 35 முதல் 40 மீட்டர் உயரத்தில் ஓர்காக்களைப் படமெடுத்தார்கள். அதற்கு முன் இந்த வேலைக்கு ஹெலிகாப்டர் வேண்டியிருந்தது.

சென்சாரில் ஒரு பிக்சலின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால், அந்தப் பிக்சல் கடல்மட்டத்தில் எவ்வளவு இடத்தைக் காட்டுகிறது என்று கிடைக்கும். பிக்சல் 0.004 மி.மீ., உயரம் 40 மீட்டர், லென்ஸ் 25 மி.மீ. என்றால் விடை 6.4 மி.மீ. மூக்கிலிருந்து வால் பிளவு வரை 1,000 பிக்சல் இருந்தால் விலங்கின் நீளம் 6.4 மீட்டர்.

பிழை எங்கே நுழைகிறது

லேசரின் பலவீனம் அந்த இணைத்தன்மையில்தான் இருக்கிறது. ஒரு கதிர் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வெளிப்பக்கம் விலகினாலும், இருபது மீட்டரில் இடைவெளி 10 செ.மீ.க்குப் பதில் கிட்டத்தட்ட 11.7 செ.மீ. ஆகிவிடும், 150 செ.மீ. துடுப்பு 128 செ.மீ. என்று கணக்கில் ஏறும். கடலுக்குப் போகும் முன் அளவு தெரிந்த பலகையைப் பல தூரங்களில் படமெடுத்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான். விலங்கு 20 டிகிரி திரும்பியிருந்தால் கிடைமட்ட நீளம் ஆறு சதவீதம் குறைந்து தெரியும்.

ட்ரோனில் எல்லாப் பழியும் உயரமானிக்கு. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி 40 மீட்டரை 41 என்று காட்டினால், 6.4 மீட்டர் ஓர்கா 16 செ.மீ. கூடிவிடும். நியூசிலாந்தின் ஆக்லாந்து தீவுகளில் தெற்கு ரைட் திமிங்கலங்களை அளந்த ஸ்டீவ் டாசன் குழு, லேசரால் உயரம் அளக்கும் லைடார் கருவியை ட்ரோனில் பொருத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்து 2017இல் வெளியிட்டது. ஆனால் விலங்கு உடலை வளைத்தாலோ, நீருக்குள் ஆழ்ந்தாலோ நீளம் குறைந்தே தெரியும். அதற்கு நேராக மிதக்கும் படத்தைத் தேர்ந்தெடுப்பது தவிர வேறு வழியில்லை.

அளவுகோலே வேண்டாத அளவு

துல்லியத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்வது கடினம். தீர்மானிப்பது பார்க்கும் கோணம். லேசருக்கு நீருக்கு மேலே வருவது மட்டுமே கிடைக்கும். மொத்த நீளம் வேண்டுமானால் மூச்சுத்துளைக்கும் துடுப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, கரையொதுங்கிய உடல்களில் கண்ட விகிதத்தை வைத்து ஊகிக்க வேண்டும். ட்ரோனுக்கு முழு உடலும், முக்கியமாக அகலமும் தெரியும்.

அகலம் தெரிந்தால் விகிதம் போடலாம். விகிதத்தில் உயரப் பிழை தானாக அடிபட்டுப் போகும். ஓர்காவின் கண்களுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைத் திட்டுகள் உண்டு. தலையில் கொழுப்பு நிறைந்திருந்தால் அவற்றின் பின்முனைகள் விலகி நிற்கும். கொழுப்பு கரைந்தால் உள்நோக்கிச் சாயும். முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் ஒப்பிட்டால் போதும். மீட்டர் கணக்கே வேண்டாம். 2018 கோடையில் ஜே50 என்ற இளம் பெண் ஓர்காவின் தலைக்குப் பின்னே குழிந்த பள்ளம் மேலிருந்து எடுத்த படங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அது இறந்துவிட்டதாக முடிவு செய்தார்கள். இறந்த குட்டியை அதே ஆண்டு 17 நாள் சுமந்து திரிந்த ஜே35, 2020இல் மீண்டும் கருவுற்றிருப்பதும் வயிற்றின் அகலத்தால்தான் தெரியவந்தது. செப்டம்பரில் அது குட்டி ஈன்றது.

இதற்காக லேசரை ஓரங்கட்டிவிட முடியாது. காற்றில் ட்ரோன் பறக்க முடியாத நாளிலும் அது வேலை செய்யும், செலவு குறைவு, அடையாளப் படம் எடுக்கும் அதே வேலையில் அளவும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் மோரே ஃபர்த் பகுதியில் டால்ஃபின் குட்டிகளின் வளர்ச்சியையும் அவை பிழைப்பதையும் லேசர் படங்களை வைத்தே ஆராய்ந்தார்கள். எலும்பு வளர்வது ஆண்டுக் கணக்கு. அதைத் தொடர லேசர் போதும். கொழுப்பு கரைவது வாரக் கணக்கு. அதை மேலிருந்து பார்த்தால்தான் பிடிக்க முடியும். சால்மன் குறைந்துவரும் சாலிஷ் கடலில் அதிகாரிகள் கேட்பது இரண்டாவது கேள்வியை. அங்கே ட்ரோன் முந்துவதற்குக் காரணம் அதுவே.