அடைக்கலமும் அடைக்கலப் பொருளும்

செந்துறைக்குத் தெற்கே, அரியலூரைக் கடந்து கொள்ளிடக் கரை நோக்கிச் சென்றால், திருமானூரை அடுத்து ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் இருக்கிறது. செந்துறைக்கு வடக்கே, விருத்தாசலம் வட்டாரத்தில் கோணான்குப்பம் இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களையும் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெறச் செய்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த சேசு சபைத் துறவி. கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கும் அவர் கோயில் எடுத்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அவ்வூர் மீது கலம்பகமும் பாடினார்.

அவருடைய சதுரகராதி பற்றியும் தொன்னூல் விளக்கம் பற்றியும் அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். 1747-இல் அவர் மறைந்த பிறகு, அவரும் அவர்போன்ற துறவியரும் வளர்த்த சபைகள் என்ன ஆயின என்ற வினா அதே அளவில் கேட்கப்படவில்லை. இறைநம்பிக்கை என்பது இடர்மிகுந்த மாற்றக் காலத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு அந்த வரலாறு நல்லதொரு சான்று.

முதலில் ‘அடைக்கலம்’ என்னும் சொல்லைப் பார்ப்போம். அது முனிவர் புதிதாகக் கொண்டுவந்த சொல்லன்று. திருவாசகத்தில் அடைக்கலப் பத்து உண்டு. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை உண்டு. இச்சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள். புகலிடம் என்பது ஒன்று. காக்கும்படி ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது மற்றொன்று. கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஊர்விட்டு ஊர்வந்த அவ்விருவருக்கும் மாதரியின் மனை புகலிடம்; மாதரிக்கோ அவர்கள் காக்கவேண்டிய பொருள். காக்க இயலாமற் போனபோது அவள் தீயில் விழுந்து உயிர்விட்டாள் என்று இளங்கோ பாடுகிறார். அடைக்கலம் பெறுவதைவிட அதைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்த மொழி இது.

இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஒருவரையே முனிவர் தம் காப்பியத்துக்குத் தலைவராக்கினார். 1726-இல் நிறைவுற்ற தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். முனிவர் சூட்டிய தமிழ்ப் பெயர் வளன். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் கட்டளை வருகிறது. அவர் எழுந்து செல்கிறார். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்று வானவர் சொல்லும்போது, மீண்டும் சொல்லும்வரை அங்கேயே இரு என்கிறார். எத்தனை ஆண்டுகள் என்று சொல்லவில்லை. எகிப்தில் வளன் அடைக்கலம் புகுந்தவர். அவர் கையிலிருந்த குழந்தையோ அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். முடிவுநாள் அறிவிக்கப்படாத காத்திருப்பும், அக்காத்திருப்பின் நடுவே ஓயாத காவலும் அவர் வாழ்வாயின.

முனிவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளில் இக்கதை மெய்வாழ்வில் நிகழத் தொடங்கியது. 1759-இல் போர்த்துகல் அரசு சேசு சபையைத் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1606-இல் தத்துவபோதகர் தொடங்கி வளர்த்த மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்துகொண்டிருந்த ஆள்துணையும் பொருள்துணையும் வற்றின. 1773 ஜூலை 21-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்து ஆணையிட்டார். எஞ்சியிருந்த முதிய துறவியர் ஒவ்வொருவராக மறைந்தனர். கோவாவிலிருந்து வந்த குருக்களும், புதுச்சேரியில் பணியாற்றிய பாரிசு மறைபரப்புச் சபையாரும் இயன்றதைச் செய்தனர். எனினும் பரந்த இந்நிலப்பரப்புக்கு அவர்கள் மிகச் சிலரே. அக்காலத்தில் நாடும் அமைதியாக இல்லை. நவாபுகளின் போர்கள், 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு, அவற்றைத் தொடர்ந்த பஞ்சம் எனத் துன்பங்கள் அடுக்கடுக்காக வந்தன.

திருப்பலி நிறைவேற்ற ஆளில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. கத்தோலிக்கர் ஒருவருக்கு இவ்விழப்பு எத்தகையது என்பதைப் பிறருக்கு விளக்குவது எளிதன்று. திருவருட்சாதனங்கள் குருவின் கையால் வருபவை. குரு இல்லையெனில் சமய வாழ்வின் நடுத்தூணே சாய்ந்தது போலாகும்.

அந்நிலையில் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். ஊர் ஊராகச் செபம் சொல்லிக்கொடுத்து, சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து, இறந்தோரை அடக்கம் செய்த இல்லறத்தார் இவர்கள். வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதியது இவர்களுக்காகவே. வேதியர் என்று அவர் குறித்தது இந்த உபதேசியார்களைத்தான். தம் சபை ஒருநாள் கலைக்கப்படும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. எனினும் அவர் விட்டுச்சென்ற நூலும் பாடலும் குருக்கள் இல்லாத ஊர்களிலும் பயன்படக்கூடியவையாக இருந்தன. அம்மானையும் அந்தாதியும் மனப்பாடமாகக் கூடியவை. பாடுவோர் இருக்கும்வரை அழியாதவை.

இக்காலத்தைக் கண்டு மனம் தளர்ந்தவர்களும் உண்டு. பல்லாண்டுகள் தென்னிந்தியாவில் உழைத்த துபுவா பாதிரியார் 1823-இல் ஐரோப்பா திரும்பினார். இந்தியாவில் கிறித்தவம் வளர வழியில்லை என்னும் கருத்தை அவ்வாண்டே வெளியான தம் கடிதங்களில் எழுதினார். அவரைக் குறைசொல்வதற்கில்லை; கண்ட சிதைவைத்தான் அவர் எழுதினார். பலர் விலகிப் போயினர் என்பதும் உண்மை.

ஆனால் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நிகழ்ந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த முத்துச்சாமிப் பிள்ளை, எல்லிஸ் துரையின் தூண்டுதலால் வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடித் திரட்டினார். 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஐரோப்பியப் பாதிரியார் ஒருவர் நம்பிக்கையிழந்து புறப்படவிருந்த வேளையில், தமிழ் இல்லறத்தார் ஒருவர் ஏடுகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். தேடியபோது கிடைத்தன என்றால், அதுவரை அவற்றைக் கரையானுக்கு இரையாகாமல் காத்தவர்கள் இருந்தார்கள் என்பதுதானே பொருள்? அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. தேம்பாவணி பின்னர்ப் புதுச்சேரியில் அச்சேறியது.

1814-இல் சேசு சபை மீண்டும் நிறுவப்பட்டது. 1838-இல் பிரெஞ்சுத் துறவியர் புதிய மதுரை மிசியோனைத் தொடங்கினர். 65 ஆண்டுக் காத்திருப்பு அத்துடன் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். வரலாறு அவ்வாறு அமையவில்லை. பழைய போர்த்துகீசிய உரிமையைச் சார்ந்த குருக்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இடையே, எந்தக் கோயில் யாருக்கு என்ற பிணக்கு எழுந்தது. மக்கள் இரு கட்சியாயினர். 1886-இல் ஏற்பட்ட உடன்படிக்கைதான் பெருமளவுக்குத் தீர்வு தந்தது. 1899-இல் புதுச்சேரியிலிருந்து குடந்தை மறைமாவட்டம் பிரிந்தது. ஏலாக்குறிச்சி இன்று அதில் அடங்கும். போன காலம் போனபடியே திரும்பவில்லை. திரும்பி வந்தது வேறொரு காலம்.

சூசையப்பரும் எகிப்திலிருந்து மீண்டபோது யூதேயாவுக்குச் செல்ல அஞ்சிக் கலிலேயாவுக்குத் திரும்பியதாக மத்தேயு எழுதுகிறார். நினைத்த இடம் கிட்டவில்லை. ஆனால் காக்கவேண்டியதைக் காத்துக் கொணர்ந்தார்.

இறைவனை நம்புதல் என்றால் கைகட்டி இருத்தல் என்று சிலர் எண்ணுகின்றனர். அந்த 65 ஆண்டுகள் அப்படிச் சொல்லவில்லை. ‘உன்னிடம் அடைக்கலம்’ என்று இறைவனிடம் சொன்னவர்கள், ‘உன் பொருள் என்னிடம் அடைக்கலம்’ என்றும் உணர்ந்து நடந்தார்கள். முன்னது ஆறுதல், பின்னது கடமை. மாற்றக் காலத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை இவ்விரண்டும்.

புதிய மிசியோனார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாற்றிய கல்லூரிக்குச் சூசையப்பரின் பெயரையே வைத்தனர். தமிழில் அது தூய வளனார் கல்லூரி. சபை கலைந்தது, ஆட்சிகள் மாறின, குருக்கள் மாறினர். வீரமாமுனிவர் சூட்டிய அந்தப் பெயர் மட்டும் தமிழர் நாவில் பத்திரமாக இருந்தது.