ஆய்வும் அறமும்

பல்கலைக்கழகத்தில் மனிதரைக் கொண்டு ஆராய்ச்சி நடத்த விரும்புவோர், இன்று முதற்கண் ஆய்வு நெறிமுறைக் குழுவின் இசைவைப் பெறுதல் வேண்டும். மருந்தின் பயனைச் சோதிக்கும் மருத்துவருக்கு மட்டுமன்றி, மாணவரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கும் கல்வித்துறை ஆய்வாளருக்கும் இது பொருந்தும். இளம் ஆய்வாளர் பலர் இதனை வெறும் படிவச் சடங்கு என்றே கருதுகின்றனர். ஆயின், அப்படிவத்தில் உள்ள வினாக்கள் மனித குலம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடங்களாகும். அப்பாடத்தின் ஒரு பகுதி மலாயா மண்ணிலேயே நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே மிகுந்து காணப்பட்ட இந்நோய், தோட்டங்களில் பாடுபட்ட தமிழரிடையே அரிதாகவே தோன்றியது. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைச் சுட்டி, நோயின் காரணம் அரிசியிலேயே உள்ளது என வாதிட்டார். தொற்றே காரணம் என்று கருதியோரும் பலர் இருந்தனர்.

இவ்வையத்தைத் தீர்க்கும் பொருட்டு, வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் ஒரு சோதனையை மேற்கொண்டார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், நோயாளர் அனைவரும் உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் ஒரு பக்கத்திலும், இரட்டைப்படை எண் பெற்றோர் எதிர்ப்பக்கத்திலும் தங்க வைக்கப்பட்டனர். முன்னவர் பழையபடி சயாமிலிருந்து வந்த பச்சரிசிச் சோற்றையே உண்டனர். பின்னவருக்குப் புழுங்கலரிசிச் சோறு வழங்கப்பட்டது. மற்ற உணவில் வேறுபாடில்லை. 1906ஆம் ஆண்டின் இறுதிவரை இது தொடர்ந்தது. பச்சரிசி உண்டோர் 120 பேர். அவர்களுள் பலர் பெரிபெரியால் தாக்குண்டனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் 123 பேர். அவர்களுள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த பிரேசர், ஸ்டான்டன் ஆகியோர், நெகிரி செம்பிலானில் சாலை அமைக்க வந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி அவ்வாறே சோதித்தனர். பச்சரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றி வழங்கியபோது நோயும் இடம் மாறியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது என்பதும், அச்சத்தே தையமின் என்னும் வைட்டமின் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. இவ்வாய்வுகளால் விளைந்த நன்மையை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும், இங்கு ஒரு வினா எழுகின்றது. வரிசையில் நின்றவர்கள் தம் விருப்பத்தால் நின்றவர்களா? உயர்ந்த மதிலுக்குள் அடைபட்டிருந்த மனநோயாளருக்கு மறுத்து விலகும் வழி இல்லை. எந்தச் சோறு வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் உரிமையும் இல்லை. ஒருவர் பிழைப்பதும் மாய்வதும் அவர் எண்ணப்பட்ட இடத்தைப் பொறுத்தே அமைந்தன. பிளெட்சர் கொடியவர் அல்லர். நோயின் காரணம் அன்று உண்மையிலேயே ஐயத்துக்குரியதாக இருந்தது. ஆயினும், ஆய்வை வகுத்தவரும், அதன் நன்மை தீமைகளை எடை போட்டவரும், நிறுத்தும் அதிகாரம் உடையவரும் ஆய்வாளர் தரப்பினரே. நோயாளர் சார்பில் கேட்பதற்கு வேறொருவர் இல்லை.

இசைவு பற்றிய எண்ணம் அக்காலத்தில் அறவே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. 1900ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய அரசு, ஒருவருக்கு உரிய விளக்கம் அளித்து அவரது இசைவைப் பெறாமல், சிகிச்சை நோக்கமற்ற சோதனைகளை மருத்துவமனைகளில் நடத்தலாகாது என ஆணையிட்டது. 1931இல் ஜெர்மனி இன்னும் விரிவான நெறிகளை வெளியிட்டது. ஆயின், அந்நாட்டு மருத்துவர்களே நாஜி ஆட்சியில் வதைமுகாம் கைதிகளைக் கொடிய சோதனைகளுக்கு உள்ளாக்கினர். நூரம்பர்க் நகரில் அவர்களை விசாரித்த நீதிமன்றம், 1947இல் தன் தீர்ப்பில் பத்து நெறிகளைத் தொகுத்துரைத்தது. ஆய்வுக்கு உட்படுவோரின் தன்னார்ந்த இசைவு இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதன்மையானது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது.

நெறிகள் பெருகின, ஆனால் அவற்றைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆய்வாளரின் மனச்சான்றிடமே விடப்பட்டது. அது போதாது என்பதை அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வு உலகுக்கு உணர்த்தியது. அலபாமா மாநிலத்தில் மேகப்புண் நோயால் துன்புற்ற 399 ஏழைக் கறுப்பின ஆடவரை, 1932 முதல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையினர் சிகிச்சையின்றிக் கவனித்து வந்தனர். பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தென நிறுவப்பட்ட பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. 1972இல் செய்தித்தாள்கள் உண்மையை வெளிப்படுத்திய பின்னரே அவ்வாய்வு நின்றது. 1974இல் அமெரிக்கா சட்டம் இயற்றி, அரசின் நிதியுதவியுடன் நடைபெறும் மனித ஆய்வுகளைக் குழுக்களின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுத் திட்டத்தைத் தனித்த குழு ஒன்று ஆராய்தல் வேண்டும் என்னும் விதி, 1975இல் தோக்கியோவில் திருத்தப்பெற்ற ஹெல்சிங்கிப் பிரகடனத்திலும் இடம்பெற்றது. மனிதரை மதித்தல், நன்மை நாடல், நீதி ஆகிய மூன்றையும் 1979இல் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கை அடிப்படைகளாக வகுத்தது.

இவ்வழக்கம் இந்நாடுகளிலும் வேரூன்றியது. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு 2002இல் அமைந்தது. சிங்கப்பூரில் உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு 2000இல் தோன்றியது. 2015இல் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழகங்களும் தத்தமக்கெனக் குழுக்களை நிறுவியுள்ளன.

துறை அறிஞரோடு, ஆய்வுத்துறை சாராத பொதுமக்களுள் ஒருவரும் இத்தகைய குழுவில் அமர்வது மரபு. தமக்குத் தொடர்புள்ள ஆய்வு விவாதிக்கப்படும்போது உறுப்பினர் விலகியிருத்தல் வேண்டும். ஆய்வுத் திட்டம், வினாப்பட்டியல், விளக்கத்தாள், இசைவுப் படிவம் ஆகியவற்றைக் குழு ஆராய்கின்றது. தீங்கு நேருமா, நேரின் பயன் அதனினும் பெரிதா, பெயர் மறைக்கப்படுமா, இடையில் விலகினால் இழப்பு உண்டா என்று வினவுகின்றது. பின் இசைவு தரலாம், திருத்தம் கோரலாம், மறுக்கலாம். இசைவு தந்த பின்னரும் அதன் கடமை முடிவதில்லை. திட்டத்தை மாற்றினால் மீண்டும் இசைவு வேண்டும். தீங்கு நேர்ந்தால் அறிவித்தல் வேண்டும். தேவையெனில் ஆய்வையே நிறுத்தவும் குழுவால் இயலும்.

தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவரின் வாசிப்புத் திறனை ஆராய முற்படுவதாகக் கொள்வோம். பெற்றோரின் இசைவோடு, பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படுதல் வேண்டும். புள்ளி போடும் ஆசிரியரே கேட்கும்போது, மாணவன் “மாட்டேன்” என்று சொல்லத் துணிவானா எனக் குழு வினவும். வேறொருவரைக் கொண்டு கேட்கச் சொல்லவும் கூடும். விளக்கத்தாள் பெற்றோர் அறிந்த மொழியில், அவர்கள் புரிந்துகொள்ளும் நடையில் அமைதல் வேண்டும். புரியாத மொழியில் இடப்பட்ட கையொப்பம் இசைவாகாது. எளிய, தெளிந்த தமிழை எழுதும் ஆற்றலுக்கு இங்குப் பெரும்பணி உண்டு.

குழுவின் நடைமுறை காலத்தாழ்வை விளைவிக்கின்றது என்னும் குறை பல்கலைக்கழகங்களில் கேட்கப்படுவதுண்டு. அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயின், 1905ஆம் ஆண்டின் அரிசிச் சோதனை இன்று ஒரு குழுவின் முன் வந்திருப்பின், அதனை அறவே தடுப்பது ஒன்றே வழியாக இருந்திராது. அடைபட்ட நோயாளரை ஏன் தெரிந்தெடுத்தீர், இசைவை யாரிடம் பெற்றீர், இரு கூடங்களுக்கும் வேறுபாடு தெளிவான அன்றே சோதனையை நிறுத்துவீரா என்று அக்குழு கேட்டிருக்கும். மூன்றாவது வினாவுக்குக் கிடைக்கும் விடை ஒன்றே சில உயிர்களைக் காத்திருக்கக் கூடும். புழுங்கலரிசியின் உண்மையும் உலகுக்குத் தெரிந்திருக்கும்.