தோளுக்கு ஓர் ஒட்டு

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் நண்பர்கள் சிலர் சென்றிருந்தபோது, காப்பித் தோட்டத்து முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். முன்பொரு பருவத்தில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்தவர். நாட்டுக்கட்டுப் போட்டதில் எலும்பு கூடிற்று. ஆனால் கோணலாகக் கூடிற்று. நாளடைவில் மூட்டும் தேய்ந்து, இப்போது வலக்கை மார்புக்கு மேல் எழுவதில்லை. இருபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் காட்டியபோது, மூட்டை மாற்றவேண்டும் என்றும், அதற்காக வெட்டியெடுக்கும் எலும்பிலேயே ஒரு துண்டைச் செதுக்கித் தேய்ந்த இடத்தில் வைக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னாராம். "வெட்டின எலும்பு மறுபடி ஒட்டுங்களா?" என்று எங்களைக் கேட்டார். அன்று எங்களிடம் விடையில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இடுப்பு மூட்டில் ஆழமான குழிக்குள் பந்து அமர்ந்திருக்கிறது. தோளிலோ அகல்விளக்கின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, பெரிய உருண்டைக்குச் சிறியதொரு கிண்ணம். கை எத்திசையும் சுழல்வது இதனால்தான். எளிதில் கெடுவதும் இதனால்தான். தேய்மானம் கிண்ணத்தில் சமமாக நிகழ்வதில்லை. பெரும்பாலும் பின்விளிம்பு கரைந்து, கிண்ணம் சாய்ந்துவிடுகிறது. பிரான்சின் லியோன் நகர மருத்துவர் ழில் வால்ஷ், 1999இல் தம் குழுவினரோடு இச்சாய்வுகளை வகைப்படுத்தி வெளியிட்டார். சாய்ந்த சுவரில் ஆணியடித்து மாட்டியது எத்தனை நாள் நிற்கும்? செயற்கை மூட்டுக்கும் அதே கதிதான். ஆகவே இழந்த எலும்பை முதலில் ஈடுசெய்தாக வேண்டும்.

எலும்பு ஒட்டின் வரலாற்றில் நாம் நின்று பார்க்கவேண்டிய இடம் கிளாஸ்கோ. லிஸ்டரின் மாணவரான வில்லியம் மெக்யூவனிடம் ஒரு சிறுவன் வந்தான். சீழ் பிடித்து மேற்கை எலும்பின் பெரும்பகுதி அழிந்திருந்தது. கணை நோயால் கால் வளைந்த ஏழைக் குழந்தைகள் அந்நகரில் அப்போது ஏராளம். அவர்களுடைய கால்களை நிமிர்த்த ஆப்பு வடிவில் வெட்டியெடுத்த எலும்புத் துண்டுகளை, எறியாமல், சிறுவனின் கையில் அடுக்கி வைத்தார் மெக்யூவன். 1881இல் அதை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். சிறுவன் வளர்ந்து, அந்தக் கையாலேயே உழைத்துப் பிழைத்தான். பல குழந்தைகளின் கோணல், ஒரு குழந்தையின் கையாயிற்று. புனைவாக எழுதியிருந்தால் மிகையென்று நாமே ஒதுக்கியிருப்போம்.

தோளையே மாற்றும் முயற்சி 1893இல் பாரிசில் நடந்தது. காசநோய் தின்ற தோளுக்கு, பிளாட்டினத் தண்டும் கெட்டிப்படுத்திய ரப்பர் தலையும் கொண்ட மூட்டைப் பெயான் பொருத்தினார். செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். இரண்டாண்டு அளவில் கிருமித் தொற்றால் அதை எடுக்க நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் இத்துறை உறங்கிற்று. 1950களில் நியூயார்க்கின் சார்லஸ் நீர், நொறுங்கிய தோள்களுக்கு உலோகத் தலை பொருத்தி அதை எழுப்பினார். நம் முதியவருக்கு நேர்ந்ததைப் போன்ற முறிவுகளே நீரின் தொடக்கம். தேய்ந்த கிண்ணத்துக்கு, வெட்டியெடுத்த உருண்டையிலிருந்தே ஒட்டு வைத்த அனுபவத்தை 1988இல் அவரும் மாரிசனும் எழுதினர்.

சேலத்தாருக்கு ஒட்டு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒட்டுமாங்கன்று வைத்தவர்கள் அவர்கள். வெட்டுமுகங்கள் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் கன்று பிழைக்கும். எலும்பிலும் அப்படியே. ஒட்டு வைத்த துண்டு அப்படியே உயிர்த்தெழுவதில்லை. அது ஒரு சாரம். அதனூடே புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. சில செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, வேறு சில புதியதைக் கட்டுகின்றன. மாதக்கணக்கில் நடக்கும் குடிபெயர்வு. இடுக்கு இருந்தால் அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, மூட்டு ஆடத் தொடங்கும். பாரம் படாத எலும்போ மெல்லக் கரைந்துபோகும். துண்டின் அளவைக் காட்டிலும் அதன் வடிவம் முதன்மை பெறுவது இதனால்தான்.

1985இல் திஜோன் நகரத்து போல் கிராமோன், இயற்கையைத் தலைகீழாக்கிப் பந்தைத் தோள்பட்டைப் பக்கமும் கிண்ணத்தைக் கைப் பக்கமும் வைத்தார். தசைநார்கள் கிழிந்த தோளிலும் மேல்தசை ஒன்றே கையை உயர்த்த அது வழிசெய்தது. அந்தப் பந்தின் அடித்தட்டுக்குக் கீழே, நோயாளியின் சொந்த எலும்பில் நடுத்துளையிட்ட வில்லையைச் செதுக்கி வைத்தார் நீஸ் நகரத்துப் பாஸ்கல் புவாலோ. 2011இல் அம்முறை வெளியாயிற்று. கிண்ணம் சாய்ந்திருந்தால் வில்லையையும் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிய, சாய்வாக அறுக்கிறார்கள். கதவு நிலைக்கு ஆப்பு வைக்கும் தச்சர் இதை உடனே புரிந்துகொள்வார். இன்று சி.டி. படத்தை வைத்துக் கணினியில் இழப்பை முன்கூட்டியே அளந்து, அறுக்கும் அச்சையும் முப்பரிமாண அச்சியந்திரத்தில் வார்த்துவிடுகிறார்கள்.

ஆளுக்கேற்ற அளவு என்பது நமக்குப் புதிதன்று. சென்னையில் மயில்வாகனன் நடராசன் 1980களின் இறுதியிலிருந்தே, எலும்புப் புற்று கண்டவர்களுக்கு அளவெடுத்து உள்நாட்டிலேயே மூட்டுகள் செய்வித்துக் கை கால்களைக் காத்தார். இறக்குமதிச் சரக்கை வாங்க இயலாத நோயாளிகளே அங்கு மிகுதி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலோ, புற்று பிடித்த எலும்பையே வெளியே எடுத்து, கதிர்வீச்சால் நோய்ச் செல்களை அழித்து, அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பொருத்தமான வடிவம் எங்கே கிடைக்கும்! ஆனால் அதில் உயிர்ச்செல்கள் எஞ்சுவதில்லை. கூடுவதற்குக் காலம் பிடிக்கும்.

இடையே ஒன்று. தொழுநோயால் மடங்கிய கைகளை, நோயாளியின் சொந்தத் தசைநாண்களை இடம்மாற்றி வேலூரில் நிமிர்த்திய பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர், சிறுவயதில் வளர்ந்தது பழைய சேலம் மாவட்டத்தின் கொல்லிமலையில். மருத்துவம் படிக்குமுன் அவர் கற்றது கட்டடத் தொழிலும் தச்சும். அது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்தமுறை மலையேறியபோது முதியவரைப் பார்த்தோம். ஒட்டும் என்றோம், எப்படி ஒட்டும் என்பதை ஒரு மாங்கன்றைக் காட்டியே விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒட்டினப்புறம் ஏணி ஏறலாங்களா?" என்றார். கூடாது, கையைத் தலைக்குமேல் தூக்கி இழுக்கிற வேலையும் கூடாது என்றோம். சிரித்துவிட்டு, சில்வர் ஓக் மரத்தில் சுற்றிக்கிடந்த மிளகுக் கொடியை அண்ணாந்து பார்த்தார். சரங்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன.