ஓலைப்பணியாளரும் ஜம்பைக் கல்வெட்டும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டைக்கு அண்மையில் ஜம்பை என்னும் பழமையான ஊர் உளது. 1981ஆம் ஆண்டில் அங்குக் குகையொன்றில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பெற்றது. அசோகன் கல்வெட்டுகள் கூறும் சத்தியபுத்திரர் யாவர் என்னும் ஐயம் அதனால் அகன்றது. அப்புகழின் நிழலில் அவ்வூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டொன்று பலர் கண்ணிற்படாது போயிற்று. வரி தண்டுவோன் ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டனன். தான் கொடுக்கக் கடவதன்று என அவள் மறுத்தாள். அவன் அவளை மெய்ச்சோதனைக்கு உட்படுத்தினான். அவள் நஞ்சுண்டு மாண்டாள்.

இவ்வழக்கில் மெய்ம்மையைக் காட்டியிருக்க வேண்டியது சோதனை அன்று, ஓலையே ஆகும். சோழர் ஆட்சியில் அதற்கெனத் தனிப்பணியாளர் பலர் இருந்தனர். அரசன் வாய்மொழியைக் கேட்டெழுதுவோன் திருமந்திர ஓலை. அதனை ஒப்புநோக்கிக் கையெழுத்திடுவோர் ஓலைநாயகத்தார். நிலவரியை ஆய்வது புரவுவரித் திணைக்களம். அதன்கண் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை எனப் பணிகள் வகுக்கப்பட்டிருந்தன. அரசர் மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்யும் நாம் இப்பெயர்களை விரைந்து கடந்துவிடுகிறோம்.

இப்பணி நடந்த முறையை ஆனைமங்கலச் செப்பேடு நன்கு காட்டும். நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளிக்க முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் வாய்மொழிந்தான். 96ஆம் நாளில் அது வரிக்கணக்கில் ஏற்றப்பட்டது. ஆயினும், பிடிசூழ்ந்து எல்லை வகுத்து அறவோலை முற்றுப்பெற்றது 23ஆம் ஆண்டின் 163ஆம் நாளிலேயாம். அரசன் சொல்லே ஆயினும் இரண்டாண்டுக்கு மேல் பல கைகளில் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஊரில் நிலைபெற்றது. அவ்வூர் வருவாய் 8,943 கலம் என்னும் அளவோடு நில்லாது, தூணி, குறுணி, நாழி வரை குறிக்கப்பட்டது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அம்முந்திரியின் 320இல் ஒரு பங்கு. இவற்றைப் பிழையறக் கூட்டவும் கழிக்கவும் வல்லவனே கணக்கனாதல் இயலும். அழகிய கையெழுத்து மட்டும் அவனுக்குப் போதாது.

திறனோடு பொறுப்பும் வேண்டப்பட்டது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி. பி. 919, 921), வாரியப்பணி செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்கு உரியர் அல்லர் என விலக்கின. கணக்கை மறைத்தலை ஊரார் எத்துணைப் பெருங்குற்றமாகக் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனினும் தஞ்சையில் பல கைகள் காத்த ஒழுங்கு ஜம்பைப் பெண்ணுக்குத் துணை நின்றிலது. வரிப்பொத்தகத்தைக் காட்டுக எனக் கேட்கும் நிலையில் எளிய குடிமக்கள் இருந்திலர் என்று கொள்வதே பொருந்தும். அவள் இறந்தபின், நாற்றிசையினின்றும் பதினெண் விஷயத்தினின்றும் வந்தோர் கூடி ஆராய்ந்து, பழி வரி கேட்டவனதே எனத் தீர்த்தனர். அவன் 32 காசு கொடுத்து, அவ்வூர்க் கோயிலில் விளக்கெரிய வைத்தான்.