விக்டோரியா பொது மண்டபம்

விக்டோரியா பொது மண்டபம், சென்னை மாநகரில் சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை நோக்கி நிற்கும் செங்கல் மாளிகையாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர மக்களின் பொதுக்கூடமாகக் கட்டப்பெற்ற இது, பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழ் நாடகத்தின் தலையாய அரங்கமாக விளங்கிற்று. விக்டோரியா மகாராணியார் அரியணையேறிய பொன்விழா 1887இல் கொண்டாடப்பட்டதை ஒட்டி இதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. பொதுமக்கள் பேச்சில் இது விக்டோரியா ஹால்.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தாருக்கு இம்மண்டபம் பெயரறியாமலே பழக்கமான ஒன்று. ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் விலைபோகும் ஆட்டின் தோல் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் பதனேறி, கட்டுக்கட்டாக ரயிலேறி, சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளைச் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறியது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட வணிக வழக்கம். அந்தப் பெரியமேடு இம்மண்டபத்தின் அண்டைப் பேட்டையே. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்துக் கடற்கரையிலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கி, தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் பாதை என்ற கீர்த்தியைப் பெற்ற வழி, பின்னர் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என மேற்கே நீண்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் ஏற்பட்டபின், மேற்கிலிருந்து வந்திறங்கிப் பெரியமேட்டுக்கு நடந்த தோல் வியாபாரியின் கண்ணில், மண்டபம் எழுந்த நாள் முதலாக, இதன் செந்நிறக் கோபுரம் படாமல் போனதில்லை. எனினும் அவர்களுள் எத்தனை பேர் உள்ளே சென்று ஒரு நாடகத்தைப் பார்த்தனர் என்பது வேறு வினா. அவர்கள் அறிந்த நாடகம் ஊர்ப்புறத்துத் தெருக்கூத்து. அதைப் பற்றிப் பின்னர் கூறப்படும்.

மண்டபம் நிற்கும் நிலம், ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் தொடங்கி வைத்த பீப்பிள்ஸ் பார்க் என்னும் விசாலமான பூங்காவின் ஒரு பகுதி. குளங்களும் மிருகக் காட்சிச் சாலையும் கொண்டிருந்த அப்பூங்கா, ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கட்டடத்திற்காகத் துண்டுபட்டுத் தேய்ந்தது. நகரத்திற்கென ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்று 1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய பிரமுகர்கள் தீர்மானித்து, அதற்கென நிதி திரட்டலாயினர். சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும் வணிகர்களும் பொருளுதவி செய்தனர். 1883 டிசம்பர் 17ஆம் நாள் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜா அடிக்கல் நாட்டினார். மாநகராட்சி நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. அரசாங்கத்தின் கஜானாவிலிருந்தன்றி, மக்களின் நன்கொடையிலிருந்து எழுந்த மாளிகை என்பதே இதன் முதற் சிறப்பு. மகாராணியின் பெயரைத் தாங்கி நிற்பதால் மட்டும் இதை அந்நியரின் சின்னம் என்று ஒதுக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கட்டடத்தின் வரைபடத்தை அமைத்தவர் இராபர்ட் பெல்லோஸ் சிஸ்ஹோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகமும் அவருடைய சிருஷ்டிகளே. கட்டியவர், அக்காலத்துச் சென்னையின் பெருங்கட்டடங்கள் பலவற்றை எழுப்பிய தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே பிரதான மூலப்பொருள்கள். வளைவுத் தூண்களின் வரிசை கீழ்த்தளத்தைச் சூழ்ந்து நிழல் தர, மூலையில் சதுரமான கோபுரம் ஒன்று, மலையாள நாட்டுக் கோயில்களின் கூரையை நினைவூட்டும் கூம்பு முடியுடன் எழுகின்றது. கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் தலா அறுநூறு பேர் அமரக்கூடிய இரு பெருங்கூடங்கள் உண்டு. மேல்கூடத்தில் மரத்தாலான மாடம் ஒன்று மேலும் இருநூறு பேரைத் தாங்கும். இங்கிலாந்தின் கடற்கரை நகரங்களில் அக்காலத்தில் எழுந்த அரங்குகளில் காணும் பொன்முலாம் பூசிய மாடங்களோ பட்டுத் திரைச்சீலைகளோ இங்கு இல்லை. இது முதலில் பிரசங்கத்திற்கும் பொதுக்கூட்டத்திற்கும் என்று எண்ணிக் கட்டப்பட்ட கூடம்; நாடகம் பின்னரே வந்து இதனைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. சிம்லாவில் ஹென்றி இர்வின் அமைத்த கெயிட்டி அரங்கம் 1887இல் ஆங்கிலேயரின் நாடகப் பொழுதுபோக்கிற்கென்றே திறக்கப்பட்டது; அதனோடு ஒப்பிடுவோர்க்கு இவ்விரண்டின் நோக்கம் எவ்வளவு வேறுபட்டது என்பது விளங்கும். சென்னை எழும்பூரில் 1896இல் எழுந்த அருங்காட்சியக அரங்கம் வடிவில் ஐரோப்பிய நாடக அரங்கிற்கு நெருங்கியது; ஆயினும் தமிழ் நாடகத்தின் வரலாற்றில் அதற்கு விக்டோரியா மண்டபத்திற்குரிய இடம் இல்லை.

இம்மண்டபம் எழுந்த காலத்தில் தமிழ் நாட்டில் நாடகம் என்றால் பெரும்பாலோர்க்குக் கூத்தே. வட ஆர்க்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் நடக்கும். அறுவடை முடிந்த வயலோ ஊர்ப் பொதுத் திடலோ களமாக, முகவீணையும் மிருதங்கமும் தாளமும் முழங்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து கட்டைக் கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த துரியோதனன் காலைத் தட்டித் தன் வரவைப் பாடுவான்; கட்டியங்காரன் அவனிடம் கேள்வி கேட்டுச் சபையைச் சிரிக்க வைப்பான்; அர்ச்சுனன் தபசன்று, அவ்வேடதாரி நட்ட பனைமரத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டே பாட்டுப் பாடி, மேலிருந்து எலுமிச்சம் பழத்தையும் விபூதியையும் எறிய, குழந்தைப் பேறு வேண்டிய பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பர்; விழாவின் இறுதியில் களிமண்ணாற் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின்மேல், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம் நிகழும். இக்கலைக்கு மேற்கூரையும் இல்லை, கட்டணமும் இல்லை. அன்று ஆங்கிலக் கல்வி பெற்றோர் இதனைப் பாமரர் விளையாட்டு என்று இகழ்ந்தனர். நடிப்போரைக் கூத்தாடி என்ற சொல்லால் சுட்டி ஒதுக்கினர்.

இவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி 1891இல் இம்மண்டபத்தில் நடந்தது. பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையாருடன் வந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் இங்குத் தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவர் வழக்கறிஞர், அவருடன் மேடையேறியோரும் படித்தவர்களே. இதைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் என்ற 18 வயது மாணவர், அதுவரை தமிழ் நாடகம் என்றாலே வெறுப்புற்றிருந்தவர், தெலுங்கர்க்கு இயன்றது தமிழர்க்கு ஏன் இயலாது என்ற உணர்ச்சியால் உந்தப்பட்டு, நண்பர் சிலரோடு அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சுகுண விலாச சபையை ஸ்தாபித்தார். 1893இல் அவருடைய முதல் நாடகமாகிய புஷ்பவல்லி அரங்கேறியது. மனோகரா, லீலாவதி சுலோசனா முதலியவை தொடர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1936இல் மவுண்ட் ரோட்டில் தன் சொந்தக் கட்டடத்திற்குக் குடிபெயரும் வரை, சபைக்கு இம்மண்டபமே இருப்பிடமாக இருந்தது. ஒத்திகையும் வாசகசாலையும் அங்கத்தினர் மாலைப் பொழுதும் இங்கேயே நிகழ்ந்தன.

சம்பந்த முதலியார் செய்த மாறுதல்களை இங்கே சற்று விரிவாகக் கூறுதல் தகும். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்திற்குள் அடக்கினார். பாட்டுக்குப் பாட்டு என்ற நிலை மாறி வசனமே நாடகத்தின் உயிர்நிலை ஆயிற்று. அங்கம், களம் என்ற பிரிவுகள் திட்டமாக வகுக்கப்பட்டன. குறித்த நேரத்தில் திரை தூக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், வெனிஸ் வணிகனை வாணீபுர வணிகன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும் தமிழாக்கினார். வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அரிதாரம் பூசி மேடையேறினர். பெண் வேடங்களையும் அவர்களே தாங்கினர். சி. ரங்கவடிவேலு கதாநாயகி வேடத்தில் முதலியாருக்கு இணையாகப் பல்லாண்டு நடித்துப் பெரும்புகழ் பெற்றார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இச்சபையின் நடிகரே. நீதிபதியாகவும் பணியாற்றிய முதலியார் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதி, 1959இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964இல் காலமானார். அவருடைய நாடக மேடை நினைவுகள் என்னும் நூல், இம்மண்டபத்தின் வாழ்க்கையை அறிய விழைவோர் முதற்கண் படிக்க வேண்டியது. சங்கரதாஸ் சுவாமிகள், கன்னையா, டி. கே. எஸ். சகோதரர்கள் முதலிய தொழில்முறை நாடகக்காரர்களின் நாடகங்களும் இங்கே நடைபெற்றன.

மேடை நாடகத்திற்கு மட்டுமன்றி வேறு பல தொடக்கங்களுக்கும் இது சாட்சி. 1897 பிப்ரவரி 9ஆம் நாள், மேலை நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்குத் தம் எதிர்காலத் திட்டத்தைக் குறித்துப் பிரசங்கம் செய்தார். சென்னையில் அசையும் படத்தை மக்கள் முதன்முதலாகக் கண்டதும் ஏறத்தாழ அக்காலத்தில் இக்கூடத்திலேதான் என்பது சினிமா வரலாற்றாசிரியர்கள் கூற்று. பிற்காலத்தில் நாடகத்தின் ஜீவாதாரத்தையே கவர்ந்துகொண்ட சினிமா, நாடகத்தின் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தது. மனோகராவும் பின்னர் திரைப்படமாகிப் புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. 1916 நவம்பர் 20ஆம் நாள் தியாகராய செட்டியார், டி. எம். நாயர் முதலியோர் இங்குக் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பின்னாளில் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்றது அதுவே.

சபை இடம் பெயர்ந்தபின் மண்டபத்தின் நாடக வாழ்வு தளர்ந்தது. பேசும் படம் ஊரெங்கும் பரவிற்று. புதிய அரங்குகள் தோன்றின. பக்கத்து மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. குத்தகைக் காலம் அவ்வாண்டளவில் முடிவுற்றபின், மண்டபத்தை நிர்வகித்த அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே உரிமை வழக்கு நீண்டது. அதற்குள் கூரை ஒழுகி, மரச் சட்டங்கள் உளுத்து, சுவர்களில் அரசும் ஆலும் வேர்விட்டன. மாநகராட்சி கைக்கொண்டபின் தொடங்கிய திருப்பணி, அருகில் மெட்ரோ ரயில் சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் தடைப்பட்டு, 2023இல் சிங்காரச் சென்னை திட்டத்தின்கீழ் சுமார் 32 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மறுபடியும் முழுவீச்சில் தொடங்கப்பெற்றது. பழைய கட்டடத்திற்குச் சிமெண்டைத் தவிர்த்துச் சுண்ணாம்புச் சாந்தையே கையாளுதல் இத்தகைய பணியில் இன்றியமையாதது. சுண்ணாம்பு பூசிய செங்கல் ஈரத்தை உள்வாங்கி வெளியிடும், சிமெண்டு பூசியதோ ஈரத்தைச் சிறைப்படுத்திச் செங்கல்லையே அரித்துவிடும்.

இம்மண்டபத்தைப் புதுப்பிப்பதன் பயன், சுவரில் படங்களை மாட்டிக் காட்சிச் சாலையாக்குவதோடு நின்றுவிடலாகாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மேல்கூடத்தின் மேடையில் வாரம் ஒருமுறையேனும் நாடகம் நடத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று, படித்தோர் நாடகத்தின் எழுச்சியில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வட ஆர்க்காட்டுக் கூத்தாக இருத்தல் மிகவும் பொருத்தம். அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துக் கூத்துக் குழுக்களாகிய ஜமாக்கள் மாலை ரயிலில் காட்பாடியிலிருந்து புறப்பட்டால் இரவுக்குள் சென்ட்ரலில் இறங்கி, கிரீடப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே மண்டபத்தை அடைந்துவிடலாம்.