நாய் வண்டியின் கணக்கு

கம்பிக் கூண்டு பொருத்திய மாநகராட்சி வண்டி தெருமுனையில் திரும்பியதும், பழைய மதராஸில் பிள்ளைகள் வளர்ப்பு நாயை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். சுருக்கில் மாட்டிய தெருநாய்களோ கொட்டடிக்குப் போகும். பிற்காலத்தில் அங்கே மின்சாரம் பாய்ச்சித்தான் அவற்றைக் கொன்றார்கள்.

வெறிநோய்க்கு அஞ்சி 1860-இல் தொடங்கிய வேலை இது. 1914-இல் நாளொன்றுக்குக் கொல்லப்பட்ட நாய்களின் சராசரி எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவு. 1990-களின் நடுவில் அது 135-ஐ எட்டிவிட்டது என்கிறது புளூ கிராஸ் விலங்குநல அமைப்பினர் எடுத்துக்காட்டும் கணக்கு. கொல்லக் கொல்லக் குறையவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

காரணம் தெருவிலேயே இருந்தது. குப்பைத்தொட்டியும் கசாப்புக்கடைக் கழிவும் அப்படியே கிடக்க, ஒரு நாய் போன இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்தது. சினையான நாய் இரண்டே மாதத்தில் ஐந்தாறு குட்டிகள் போட்டது. கூப்பிட்டால் வாலாட்டி வரும் நாய் எளிதில் சிக்கியது. மனிதரைக் கண்டு ஒதுங்கும் நாய் தப்பித்துப் பெருகியது.

விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கியது புளூ கிராஸ். 1960-களின் நடுவிலேயே அவருடைய மகன் சின்னி கிருஷ்ணாவும் நண்பர்களும் மாற்றுவழி சொன்னார்கள்: பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த தெருவிலேயே விடு. பொறியாளரான கிருஷ்ணா இதற்கு வைத்த பெயர் ‘ஏபிசி’ (அனிமல் பர்த் கன்ட்ரோல், அதாவது விலங்குக் கருத்தடை). அரிச்சுவடி போல எளிது என்ற குறும்பும் அதில் உண்டு.

மாநகராட்சி இசைய முப்பது ஆண்டுகள் ஆயின.

1996-இல் தென்சென்னையில் கருத்தடைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் மத்திய அரசு இதையே நாடு முழுமைக்குமான விதியாக்கியது; 2023-இல் அதைப் புதுப்பித்தது. அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். எது முடிந்தது, எது பாக்கி என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பகுதி நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறுகிய காலத்தில் அறுவை முடியாவிட்டால், விடுபட்டவை போடும் குட்டிகள் கணக்கைப் பழையபடி ஆக்கிவிடும். பல ஊர்களில் திட்டம் சறுக்குவது இங்கேதான்.

தெருநாய்ப் பிரச்சினை நீதிமன்றத்துக்கும் போனது. டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 22 அன்று அந்த உத்தரவைத் திருத்தியது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பவற்றை மட்டும் அங்கே திரும்ப விடக்கூடாது என்றது. அவற்றைக் காப்பிடங்களுக்கு மாற்றுவது உள்ளாட்சிகளின் பொறுப்பு என்றும் சொன்னது.